ஊருக்குப் பக்கத்துப் பூங்காவில் கூடாரம் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

நகரத்தை ஒட்டிய பூங்காக்களில் கூடாரம் போட்டுத் தங்குவது, அங்கே இருக்கும் பாதைகளில் நடப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லியிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. ஏரி, மரங்கள், நடைபாதைகள், கூடாரம் போடத் தனி இடம் எல்லாம் உண்டு. போகலாமா என்றால் என் கணவர், "ராத்திரி வண்டிச் சத்தம் கேட்கும் இடத்தில் என்ன கேம்பிங், போனால் அடர்ந்த காட்டுக்கே போக வேண்டும்" என்கிறார். முதல் தடவை எங்கே போவது நல்லது?

பதில்: பக்கத்துப் பூங்காவுக்கே போங்கள். முதல் தடவைக்கு மட்டுமில்லை, பத்தாவது தடவைக்கும் அதுதான் நல்ல இடம் என்பது என் கருத்து. கூடாரத்தில் ஒரு ராத்திரி தூங்கிப் பார்த்தால்தான் விரிப்பு போதுமா, விளக்கு போதுமா, குழந்தை புது இடத்தில் தூங்குமா என்பதெல்லாம் தெரியும், அதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. நடு ராத்திரியில் மழை கொட்டி எல்லாம் நனைந்துவிட்டது, அல்லது சின்னவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்றால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அடர்ந்த காட்டுக்குள் ஏழு மணி நேரம் பயணம் செய்து போன பிறகு இதே பிரச்சினை வந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னொரு விஷயம். பொழுதுபோக்குக்காகக் கூடாரம் போடுவதை வளர்த்தவர்களே நகரத்து ஆட்கள்தான். 1901-இல் பிரிட்டனில் அதற்கென ஒரு சங்கம் தொடங்கிய தாமஸ் ஹிராம் ஹோல்டிங் லண்டனில் தையல் தொழில் செய்தவர். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை இன்று சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் பெரும் பாதை, 1921-இல் அதற்கான யோசனையை முன்வைத்த பென்டன் மெக்கே மனத்தில் வைத்திருந்தது நகரத்தில் உழைத்துக் களைத்த மக்களைத்தான், அவர்கள் எளிதாக வந்து மூச்சு விட்டுப் போகும்படி மலை இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதனால் ஊர் பக்கத்தில் இருப்பதை ஒரு குறையாகவே நினைக்காதீர்கள்.

ஒரே பூங்காவுக்குத் திரும்பத் திரும்பப் போவதில் ஒரு சுகமும் இருக்கிறது. மழைக்குப் பிறகு எந்தப் பாதை சேறாகும், எந்த மரத்தில் எப்போது பறவை கூடு கட்டும், காலை வெயில் எந்தப் பக்கம் முதலில் விழும் என்பது பழகப் பழகத்தான் பிடிபடும். தூரத்துக் காட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போய்வருகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடைக்காது.

போவதற்கு முன் பூங்கா அலுவலகத்தில் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பதிவு வேண்டுமா, வாசல் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், குடிநீர் உண்டா, நெருப்பு மூட்ட அனுமதி உண்டா, ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது. வாசலைப் பூட்டிவிட்டால் வண்டியை வெளியே எடுக்க முடியாது, அதை முக்கியமாகக் கேளுங்கள்.

கேள்வி: மழையே பெய்யவில்லை. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம், போர்வை நுனியெல்லாம் நனைந்திருந்தது. புதுக் கூடாரம். ஒழுகுகிறதா?

பதில்: ஒழுகவில்லை, அது உங்கள் மூச்சு. தூங்கும்போது நாம் விடும் மூச்சில் இருக்கும் நீராவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகி நிற்கிறது, நாலு பேர் ஒரு கூடாரத்தில் படுத்து ஜன்னலையெல்லாம் இறுக்க மூடிக்கொண்டால் இன்னும் அதிகம். குளிருக்குப் பயந்து எல்லாரும் செய்வது இதைத்தான். காற்றுத் திறப்புகளைத் திறந்தே வையுங்கள், மழை இல்லாவிட்டால் வெளி உறையின் கதவையும் கொஞ்சம் விலக்கி வைக்கலாம். ஈரத்துணியைக் கூடாரத்துக்குள் காயப் போடாதீர்கள். ஏரிக்கரையை ஒட்டியும் பள்ளத்திலும் கூடாரம் போட்டால் இந்தத் தொல்லை கூடும், ஏனென்றால் ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில்தான் வந்து தேங்கும், ஈரமும் அங்கேதான் அதிகம். சற்று மேடான இடத்தில், மரங்களுக்குக் கீழே போட்டால் துளி படிவது வெகுவாகக் குறையும். மரம் என்று சொல்லும்போது தலைக்கு மேலே நிமிர்ந்து பார்க்கவும் சொல்கிறேன், பட்டுப்போன கிளை தொங்கினால் அந்த இடமே வேண்டாம். காற்றடிக்காத ராத்திரியிலும் அது விழும்.

கேள்வி: 5 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். அன்று ராத்திரி 9 டிகிரிதான் இருந்தது, ஆனாலும் நடுங்கிக்கொண்டே படுத்திருந்தேன். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. சர்வதேசத் தரப்படி சோதித்த பைகளில் இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள். ஒன்று கம்ஃபர்ட், இன்னொன்று லிமிட். லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ தூங்கிவிடக்கூடிய எல்லை. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. கடைகளில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் தெரிவது எது என்று பாருங்கள். உங்கள் 5 டிகிரி லிமிட்டாக இருந்தால் 9 டிகிரியில் நடுங்கியதில் ஆச்சரியமில்லை. வாங்கும்போது கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள், குளிர் தாங்காத உடம்பு என்றால் அதிலும் சில டிகிரி கூடுதலாகத் தாங்குவதை எடுங்கள்.

ஆனால் நான் சந்தேகப்படுவது பையை அல்ல, அதற்குக் கீழே என்ன விரித்திருந்தீர்கள் என்பதை. நீங்கள் எழுதவில்லை. குளிரில் பெரும்பங்கு தரையிலிருந்துதான் வருகிறது. பைக்குள் சூட்டைப் பிடித்து வைப்பது அதன் பஞ்சுக்கோ இறகுக்கோ நடுவே நிற்கும் காற்று, உங்கள் எடையில் முதுகுப் பக்கம் நசுங்கிப் போனதும் அங்கே காற்றும் இல்லை, சூடும் இல்லை. அதனால்தான் எவ்வளவு தடிமனான போர்வை போர்த்தினாலும் முதுகு விறைக்கிறது. அதற்கு வேண்டியது அடியில் போடும் மேட். அந்த மேட்டுகளுக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு, எண் கூடினால் தரைக் குளிரை அதிகம் தடுக்கும். வெயில் காலத்துக்கு 1 அல்லது 2 போதும், நல்ல குளிருக்கு 4-க்கு மேல் பார்க்கலாம். காற்று ஊதும் மெத்தைகளில் பஞ்சு இல்லாமல் வெறும் காற்று மட்டும் இருந்தால் மெத்தென்று இருக்குமே தவிர குளிரைத் தடுக்காது, உள்ளே காற்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். புதிதாக வாங்க முடியாவிட்டால் தண்ணீரை உறிஞ்சாத நுரையாலான சாதாரண யோகா மேட் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அப்புறம், பகல் முழுக்க வேர்த்த பருத்தி உடுப்போடு படுக்காதீர்கள். பருத்தி ஈரத்தை விடாது. படுக்கைக்கென்று காய்ந்த ஜோடி ஒன்றும் காலுறையும் தனியாக ஒரு பையில் போட்டு வையுங்கள், அவற்றை வேறு எதற்கும் தொடக்கூடாது. மலைமேல் இருக்கும் பூங்கா என்றால் ஊரின் வெப்பநிலையைப் பார்த்துத் துணி எடுக்காதீர்கள், உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். குளிர்கிறது என்று கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், வாசல் பந்தலுக்குக் கீழும் வேண்டாம். நெருப்பு அணைந்து கங்கு மட்டும்தானே இருக்கிறது என்று உள்ளே வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்பது எத்தனையோ நாடுகளில் நடந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாது.

கேள்வி: பூங்காப் பலகையில் ஒரு சுற்றுப் பாதை 8 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. என் அப்பாவுக்கு 66 வயது, பையனுக்கு 6 வயது. எத்தனை மணி நேரம் ஆகும்?

பதில்: கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஏற்றம் எத்தனை மீட்டர் என்றும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் 300 மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 8 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஏற்றத்துக்கு அரை மணி நேரம், ஆக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் இது திடகாத்திரமானவர் எங்கும் நிற்காமல் நடந்தால். ஆறு வயதுப் பையன் நிற்காமல் நடக்க மாட்டான், நிற்கவும் கூடாது என்று சொல்லக்கூடாது, அவன் வந்ததே எறும்பைப் பார்க்கத்தான். அந்தக் கணக்கை இரண்டால் பெருக்கி, சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் ஒரு மணி நேரம் சேருங்கள். சுமார் ஐந்தேகால் மணி நேரம்.

உண்மையைச் சொன்னால் இந்தக் கூட்டத்துக்கு முதல் தடவை 8 கிலோமீட்டர் அதிகம். பாதி வழியில் குறுக்கே திரும்பிவரக்கூடிய பாதை இருந்தால் அதை எடுங்கள், அல்லது போன வழியே திரும்பும் பாதையாக எடுங்கள். சுற்றுப் பாதையில் பாதி தூரம் போன பிறகு அலுத்துவிட்டால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம். கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது வண்டியருகே இருக்க வேண்டும் என்றால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் அருவி இருக்கிறதாம் என்று யாராவது சொல்வார்கள், அதற்காக அந்த நேரத்தை மாற்றாதீர்கள்.

அப்பாவுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். முட்டி அங்கேதான் வலிக்கும். இரண்டு கைக்கும் நடைக்கம்பு கொடுங்கள், இறங்கும்போது கம்பைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டால் முட்டியின் பாரம் குறையும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வீதம் ஆளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கூடுதலாக. ஓடையில் பிடித்துக் கொள்ளலாம் என்று போனால் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி இருக்கும். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம்.

கேள்வி: புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன், குதிகாலில் கொப்புளம். அடுத்த தடவை என்ன செய்ய?

பதில்: புது ஷூவை வீட்டைச் சுற்றிச் சில வாரம் போட்டு நடந்த பிறகு பூங்காவுக்குக் கொண்டுபோங்கள். கொப்புளத்துக்கு முன்னால் அந்த இடம் சூடாக உரசுவது தெரியும், "பரவாயில்லை, இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று நினைக்காமல் அப்போதே உட்கார்ந்து காலுறையைக் கழற்றி ஒரு டேப் ஒட்டுங்கள். பருத்திக் காலுறை வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் அடிபடும்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கூடாரம் போடும் இடத்தில் கழிப்பறை உண்டு, ஆனால் நடைபாதையில் நாலைந்து மணி நேரம் ஒன்றும் இல்லை. என்னைப் போன்ற பெண்கள் என்னதான் செய்வது? மாதவிடாய் நாள் என்றால் போகாமலே இருந்துவிட வேண்டுமா?

பதில்: கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. இதைக் கேட்கத் தயங்கியே எத்தனையோ பேர் போகாமல் இருந்துவிடுகிறார்கள், அல்லது தண்ணீரே குடிக்காமல் நடந்து தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

சிறுநீருக்குப் பாதையிலிருந்தும் ஓடையிலிருந்தும் நன்றாக விலகிப் போனால் போதும். மற்றதற்கு ஒரு சின்ன மண்கொத்தி கொண்டுபோங்கள், உள்ளங்கை அளவுதான் இருக்கும். நீர்நிலை, பாதை, கூடாரம் இந்த மூன்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, முடித்ததும் எடுத்த மண்ணையே போட்டு மூடிவிடுங்கள். அந்த ஆழத்துக்குக் காரணம் இருக்கிறது, மேல் மண்ணில்தான் மக்கச் செய்யும் உயிர்கள் நிறைய. சுத்தம் செய்யத் தண்ணீர் எடுத்துப் போனால் காகிதத் தொல்லையே இல்லை. காகிதம் பயன்படுத்தினால் அதை மூடக்கூடிய பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஈரத் துடைப்பான் என்று விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது, புதைத்தாலும் மக்காது. சில பூங்காக்களில் மண் மெல்லியதாகவோ ஆட்கள் மிக அதிகமாகவோ இருப்பதால் புதைக்கவே கூடாது என்று விதி இருக்கும், அப்படியென்றால் அதற்கென்ற பையில் எடுத்துவர வேண்டியதுதான்.

மாதவிடாய் நாளில் தாராளமாகப் போகலாம். நாப்கினைப் புதைக்கக் கூடாது, விலங்குகள் தோண்டிவிடும், எரிக்கவும் கூடாது, சாதாரண விறகு நெருப்பில் அது முழுசாக எரியாது. உள்பக்கம் தெரியாத ஜிப் பை ஒன்று, அதற்குள் இன்னொரு பை, மணம் வராமல் இருக்கக் கொஞ்சம் காபித்தூள். கப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கை கழுவக் கூடுதல் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனால் பதற்றம் இருக்காது. கூட வரும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: ஒருவர் பின்தங்கினால் "என்ன, என்ன" என்று திரும்பி வந்து நிற்காதீர்கள், பாதை திரும்பும் இடத்தில் காத்திருங்கள்.

கேள்வி: நானும் என் தோழியும் மட்டும் போக ஆசைப்படுகிறோம். பயமாகவும் இருக்கிறது. போகலாமா?

பதில்: போகலாம். அந்தப் பயத்தையும் தள்ளிவிட வேண்டாம், அது சொல்வதைக் கேட்டுத் திட்டம் போடுங்கள். பூங்கா ஊழியர் ராத்திரியிலும் இருக்கும் இடமாக, குடும்பங்கள் வந்து தங்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசி வையுங்கள். எங்கே போகிறோம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்பி வந்து கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் எத்தனை மணிக்கு நீ யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பலர் முதல் மூன்றையும் சொல்லிவிட்டு நாலாவதை விட்டுவிடுகிறார்கள், தேடத் தொடங்குவது தாமதமாவது அதனால்தான். கூடாரத்தில் இருக்கும்போதே ஊரறியப் படம் போடாதீர்கள், வீட்டுக்கு வந்து போடலாம். வழியில் யாராவது தனியாகவா வந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு நடங்கள், அந்நியருக்கு உண்மை சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மனத்துக்கு ஏதோ சரியாகப் படவில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிடுங்கள், ஊர் பக்கத்தில் இருப்பதில் இதுவும் ஒரு வசதி.

கேள்வி: பாம்பு?

பதில்: இந்த ஒற்றை வார்த்தையோடு வந்த கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, கேட்டவர் பயத்தை மறைக்கவில்லை. பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை, நடக்கும் அதிர்வு தெரிந்ததும் பெரும்பாலும் விலகிப் போய்விடும். மிதிப்பதும், பார்க்காமல் கை வைப்பதும்தான் ஆபத்து. ராத்திரி கூடாரத்தைவிட்டு இறங்கினால் விளக்கு இல்லாமல் இறங்காதீர்கள், ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், விறகு எடுக்கும்போதும் கல்லில் உட்காரும்போதும் முதலில் பாருங்கள். கூடார ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடிக்கவோ நேரம் செலவழிக்காதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உண்ணியைப் பற்றித்தான். அது கடிப்பது தெரியவே தெரியாது, சில ஊர்களில் நோயையும் பரப்புகிறது. புல்வெளி வழியாக நடந்து வந்தால் அன்று மாலையே முட்டியின் பின்பக்கம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரத்தில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள், சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனை வரும்.

கேள்வி: நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காராமல் என்ன கேம்பிங்? ஆனால் எங்கள் பூங்காவில் சில மாதம் தடை என்கிறார்கள். சின்ன நெருப்புக்கூடக் கூடாதா?

பதில்: தடை என்றால் கூடாது. காய்ந்த காலத்தில் ஒரு பொறி போதும், அந்தத் தடையைப் போட்டவர்கள் காட்டுத்தீயை அணைக்க ஓடுகிறவர்கள். தடை இல்லாத நாளில் அதற்கென்று கட்டிவைத்த குழியில் மட்டும் மூட்டுங்கள், மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் விறகு வேண்டாம், பச்சை மரத்தை ஒடிக்காதீர்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், பூங்காவிலோ அதற்குப் பக்கத்திலோ கிடைப்பதை எடுங்கள். விறகுக்குள் இருக்கும் பூச்சிகளும் கூடவே பயணம் செய்யும். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு ஆசியாவிலிருந்து போய் 2002-இல் வட அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அழிந்தன, அது ஊர்விட்டு ஊர் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் மக்கள் வண்டியில் ஏற்றிப் போன விறகு.

அணைப்பதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மண்ணைப் போட்டு மூடினால் கங்கு அடியில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. தூங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே இதைத் தொடங்குங்கள். அணைத்த பிறகு விளக்கையும் அணைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நகரத்தை ஒட்டிய வானத்திலும் நீங்கள் நினைத்ததைவிட நிறைய நட்சத்திரம் தெரியும்.

கேள்வி: ஸ்பீக்கரில் மெதுவாகப் பாட்டு வைத்தால் தப்பா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு மெதுவாக இருப்பது இருபதடி தள்ளித் துணிச் சுவருக்குள் படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை. காதில் மாட்டிக் கேளுங்கள், நடக்கும்போது ஒரு காதில் மட்டும்.

கேள்வி: பிள்ளைகள் அணிலுக்கும் பறவைக்கும் தின்பண்டம் போட ஆசைப்படுகிறார்கள். பழத்தோலை எறிந்தாலும் மக்கிவிடும்தானே?

பதில்: இரண்டுமே கூடாது. மனிதர் கையிலிருந்து தின்று பழகிய விலங்கு அடுத்து வருகிறவர் பையைப் பிடுங்கும், கடிக்கும், கடைசியில் தொல்லை கொடுக்கிறது என்று அதைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். பழத்தோல் மக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை எல்லார் கண்ணிலும் படும், அதைத் தின்ன விலங்குகள் பாதையோரத்துக்கு வரும். நூறு பேர் மட்டும் போகும் காட்டைவிட ஆயிரக்கணக்கானவர்கள் வரும் நகரத்துப் பூங்காவில்தான் இதில் கண்டிப்பு அதிகம் வேண்டும். சேற்றைச் சுற்றிப் போகாமல் சேற்றின் நடுவிலேயே நடங்கள் என்று சொல்வதும் இதனால்தான், ஆளுக்கு ஓரடி ஒதுங்கினால் ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதையாக அகன்றுவிடும், ஓரத்துச் செடியெல்லாம் போய்விடும். பிள்ளைகளிடம் ஒரு பூதக்கண்ணாடியும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமல் வண்டிக்குள் பூட்டி வையுங்கள், அல்லது பூங்காவில் கொடுத்திருக்கும் பெட்டியில்.

கேள்வி: போனில் சிக்னல் போய்விட்டால், வழியும் தவறிவிட்டால்?

பதில்: சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும், ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பூங்கா வாசலில் இருக்கும் வரைபடத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பவர் பேங்க்கும் விசிலும் பையில் இருக்கட்டும்.

வழி தவறியது போலத் தோன்றினால் நடையை நிறுத்துங்கள். சரியான பாதையைத் தேடி வேகவேகமாக நடக்கும்போதுதான் ஒரு சின்னத் தவறு பெரிதாகிறது. உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கடைசியாக எந்த இடம் நிச்சயமாகத் தெரிந்தது என்று யோசியுங்கள், அங்கே திரும்பிப் போக வழி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போங்கள், இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். விசிலை நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு தடவை. ராத்திரி என்றால் விளக்கிலும் அதேபோலச் செய்யலாம். யாராவது கேட்டால் நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் வரும். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு விசில் கழுத்தில் மாட்டிவிட்டு, காணாமல் போனால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நில் என்று சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: இடி மின்னல் வந்தால் கூடாரத்துக்குள் இருக்கலாமா?

பதில்: கூடாது, கூடாரம் மழைக்குத்தான், மின்னலுக்கு அது ஒரு பாதுகாப்பும் இல்லை. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். 30 விநாடிக்குள் கேட்டால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள்ளோ ஜன்னல் மூடிய, உலோகக் கூரை உள்ள வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். தனி மரத்தின் கீழே நிற்பதும் ஏரியில் இருப்பதும் மிக மோசம்.

கேள்வி: போன வருஷம் ஒரு தடவை பயன்படுத்திய கூடாரத்தை இந்த வருஷம் விரித்தால் கரும்புள்ளியும் துர்நாற்றமும். எப்படிப் பராமரிப்பது?

பதில்: ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறீர்கள். வந்த அன்றே, அலுப்பாக இருந்தாலும், மாடியிலோ கொடியிலோ நிழலில் விரித்து முழுக்கக் காயவிடுங்கள், கடும் வெயில் நைலானைக் கெடுக்கும். தையல் மடிப்புகளில் ஈரம் ஒளிந்திருக்கும், தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள். சோப்புத் தூள் போடாதீர்கள், வாஷிங் மெஷினிலும் போடாதீர்கள், நீர் ஒட்டாத பூச்சு போய்விடும், வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறையில் திணித்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பெரிய துணிப் பையில் தளர்வாகப் போட்டு வைத்தால்தான் பஞ்சு உப்பலாக இருக்கும். கரும்புள்ளி இனி முழுசாகப் போகாது, ஆனால் துணி இற்றுப்போகவில்லை என்றால், தண்ணீர் ஊற்றிப் பார்த்து ஒழுகவில்லை என்றால், புதுசு வாங்க அவசரப்படாதீர்கள், கம்பிகளும் முளைகளும் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அதையே கொண்டுபோங்கள்.